டிக் ஐயாவும் ஐந்தாவது எலும்பும்

கழுத்து வலிக்கென்றே ஒரு மகான் அவதரித்துவிட்டார். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஏற்கெனவே ஆள் இருந்ததால், பாவம், அவர் மக்களின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

படம் ஓடாமல் மூடிக்கிடந்த பழைய சினிமா கொட்டகைதான் அவருடைய இடம். ஞாயிறுதோறும் காலைக் காட்சி. விடியும் முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். பாதிப் பேர் கழுத்தில் பட்டை. அவர்களால் தலையாட்ட முடியாது. ஆனாலும் ஐயா சொன்னதற்கெல்லாம் மனசுக்குள் ஆட்டிக்கொண்டார்கள்.

ஐயா யாரையும் தொடமாட்டார். மேடையில் நாற்காலி. நோயாளியைத் தலையோடு காலாகக் கம்பளியால் மூடிவிடுவார்கள். "வெளிச்சம் பட்டா கழுத்து எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் வெட்கப்படும்" என்பது ஐயாவின் கண்டுபிடிப்பு. மருந்து சாப்பிட்டால் அது கோபித்துக்கொள்ளுமாம். வெட்கமும் கோபமுமாக அது டிஸ்க்கா, புது மாப்பிள்ளையா என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. கொட்டகையில் யாரும் இருமக்கூடக் கூடாது. அகலக் கையுள்ள வெள்ளை அங்கிக்குள் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நோயாளிக்குப் பின்னால் நின்று, ஐயா கண்ணை மூடுவார்.

டிக்!

"டிஸ்க் உக்காந்துடுச்சு!" என்று சிஷ்யை ஒருத்தி கத்துவாள். கொட்டகை அதிரும். அப்படித்தான் அவர் டிக் ஐயா ஆனார்.

டெய்லரம்மா அங்கே மூன்று தடவை கம்பளிக்குள் உட்கார்ந்து எழுந்தவள். இருபது வருஷமாகக் குனிந்து தைத்த கழுத்து அவளுடையது. ஒருநாள் வலி கழுத்தில் கிளம்பி, தோளில் இறங்கி, வலது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் வந்து சேர்ந்தது. விரல்கள் மரத்துப்போயின. ஊசியைப் பிடித்தாளா, காற்றைப் பிடித்தாளா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு மெத்தை இருக்கும்மா. அதான் டிஸ்க். தலையணையில தையல் விட்டா பஞ்சு பிதுங்குமே, அந்த மாதிரி உள்ள இருக்கிறது பிதுங்கிப் பக்கத்துல போற நரம்பை அழுத்துது. நரம்பு கைக்குப் போறதால விரல் மரத்துப்போகுது. மாத்திரை, பயிற்சி, குனியாம வேலை. நிறைய பேருக்கு ஆறேழு வாரத்துல தானா அடங்கிடும். பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனா கையில பலம் குறைஞ்சாலோ, நடை தடுமாறினாலோ உடனே ஓடி வந்துடணும்."

இத்தனை பேச்சில் டெய்லரம்மா காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: ஆபரேஷன். அதற்கு முன்னால் இருந்த "பெரும்பாலும்", பின்னால் இருந்த "தேவைப்படாது" இரண்டையும் கத்தரித்துப் போட்டுவிட்டாள். கத்தரிப்பதுதானே தொழில்! நேராக ஐயாவிடம் வந்தாள். ஐயா மாத்திரையை நிறுத்தினார், பயிற்சியை நிறுத்தினார், "ஆறு வாரம் வா" என்றார். டாக்டர் சொன்ன அதே ஆறு வாரம். கணக்கில் ஐயா புலி.

மூன்றாவது வாரம் வலி குறைந்தது. டெய்லரம்மா தெருவெல்லாம் ஐயா புகழ் பாடினாள். நாலாவது ஞாயிறு காலை, கடையில் துணி வெட்டும்போது கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

பேருந்தில் கண்டக்டராக இருக்கும் நாத்தனார் அப்போது கடையில்தான் இருந்தாள். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை ஐம்பது பேர் நடுவில் கண்டுபிடிக்கிறவள்.

"என்ன அண்ணி, கை நிக்கலையா?"

"வலி குறைஞ்சிருக்கு தெரியுமா? எல்லாம் ஐயா புண்ணியம்."

"வலி தானா குறையும்னு டாக்டரே சொன்னாரில்ல? ஓடுற பஸ்ல படிக்கட்டுல தொங்கிக்கிட்டு, நான்தான் பஸ்ஸைத் தள்ளினேன்னு ஒருத்தன் சொன்னா நம்புவீங்களா? வலி போகுது, சரி. பலமும் சேர்ந்து போகுதே. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"இன்னிக்கு நாலாவது தடவைடி. அது முடியட்டும். எனக்கு டிக்குனு சத்தம் வந்துச்சே, காதால கேட்டேன். பொய்யா?"

நாத்தனார் கடை முகப்பைப் பார்த்தாள். அங்கே மகாராணி நின்றிருந்தாள். ரவிக்கை மாட்டி வைக்கும் பிளாஸ்டிக் பொம்மை. தலை உண்டு, இடுப்பு வரை உடம்பு உண்டு, அதற்குக் கீழே ஒரு கம்பிதான்.

"உங்களுக்குப் பதிலா இன்னிக்கு மகாராணி உக்காரட்டும். டிக்குனு வரலைன்னா நான் ஐயா கால்ல விழறேன். வந்துச்சுன்னா நீங்க அங்கேருந்து நேரா ஆஸ்பத்திரி. சம்மதமா?"

"பொம்மைக்கு எப்படிடி வரும்? ஐயாவுக்குத் தெரியாதா?" என்றாள் டெய்லரம்மா. அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சம்மதித்தாள்.

பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலி இரவல் கிடைத்தது. இல்லாத மடிக்கும் காலுக்கும் தலையணைகள். மேலே கம்பளி. கொட்டகை வாசலில் சிஷ்யை மறித்தாள்.

"யாரு இவங்க? என்ன கஷ்டம்?"

"மகாராணிம்மா. கழுத்தைத் திருப்பிப் பல வருஷமாச்சு. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசல," என்றாள் நாத்தனார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சிஷ்யையின் கண் கலங்கிவிட்டது. வரிசையைத் தாண்டி முதல் ஆளாக மேடைக்கு அனுப்பினாள்.

ஐயா பின்னால் வந்து நின்றார். மோப்பம் பிடிப்பதுபோல மூச்சை இழுத்தார்.

"முத்தின நோய். அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவுல. நரம்பு துடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. இந்தம்மா ராத்திரியெல்லாம் அழுதிருக்காங்க."

கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். பிறகு கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டது. டெய்லரம்மா நாற்காலியை ஒட்டி நின்றாள். இத்தனை நாள் கம்பளிக்குள் காது மூடிக் கேட்டவள், இன்று முதல்முறையாக ஒரு முழம் தள்ளி நின்று கேட்டாள்.

டிக்!

இந்தச் சத்தமா? மழைக்கோட்டுக்கு வைக்கும் பெரிய பிரஸ் பட்டன்! ஆயிரம் பட்டன் தைத்தவளுக்கு மூன்று வாரம் தெரியாமல் போயிற்றே! வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"சரியாயிடுச்சா ஐயா? தலையைத் திருப்பலாமா?" என்று கேட்டாள் நாத்தனார், மிகுந்த பணிவோடு.

"தாராளமா. எந்தப் பக்கம் வேணும்னாலும்."

நாத்தனார் கம்பளியை உருவினாள். மகாராணியின் தலையைப் பிடித்துத் திருப்பினாள். தலை வலப்பக்கம் போய், முதுகுப்பக்கம் போய், இடப்பக்கமாக முன்னால் வந்து சேர்ந்தது. முழுச் சுற்று. இப்படி ஒரு குணம் ஐயாவின் சரித்திரத்திலேயே கிடையாது.

முன்வரிசையில் ஒருவர் கைதட்டியே விட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஐயா நழுவப் பார்த்தார். டெய்லரம்மா எட்டி அங்கிக் கையைப் பிடித்தாள். வலது கை பிடிக்கவில்லை, வழுக்கியது. அந்த நொடி அவளுக்குப் பயம் பிடித்தது. இடது கையால் இறுக்கிப் பிடித்து, மடிப்பைப் புரட்டிக் காட்டினாள். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பட்டன்.

டிக். டிக். டிக்.

"கேட்டுக்கோங்க! மூணு பேருக்கு டிஸ்க் உக்காந்தாச்சு!" என்று கத்தினாள். "இதைக்கூட ஒத்தை நூல்ல தைச்சிருக்கியே, பாவி! என் கையைக் கெடுத்துட்டியே!"

ஐயா கை தூக்கினார். "இது உங்க நம்பிக்கைக்கு வந்த சோதனை..."

ஒரு பட்டைக் கழுத்துக்காரர் உருகிப்போய் எழுந்தார். "ஏம்ப்பா, பொம்மைக்கே குணமாக்குறவர், நமக்கு ஆக்கமாட்டாரா?"

நாத்தனார் தொண்டையைத் திறந்தாள். "கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்குங்க! அண்ணி, நீங்க முதல்ல!"

நல்ல வேளையாக, பாதிக்கு மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். ஐயா அங்கியை மேடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் இறங்கினார்.

எந்த ஆபரேஷனுக்குப் பயந்து ஓடினாளோ, அதையே டெய்லரம்மா அந்த மாதம் செய்துகொண்டாள். முதலிலேயே ஒழுங்காக மருத்துவம் பார்த்திருந்தால் தப்பித்திருப்பாளா? "சொல்ல முடியாதும்மா. பலம் குறைஞ்ச அன்னிக்கே வந்தீங்க, அதான் கை மிச்சம்," என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர். அவருக்குக் கொட்டகை நிறையாது. பயிற்சி செய்து செய்து, ஐந்தாவது மாதம் கத்தரிக்கோல் கையில் நின்றது. அன்று மகாராணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மகாராணி இப்போதும் கடை முகப்பில்தான் நிற்கிறாள். கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது:

"டிக் ஐயாவிடம் ஒரே தடவையில் குணமானேன். எனக்குத் தலைக்குள் ஒன்றும் கிடையாது. உங்களுக்கு?"