இடுப்பில் கட்டிய ஒயர்

தேன்மொழி, முகிலா, ரெண்டு பேரும் கேளுங்கள். உத்திரமேரூர் தாலுகாவிலேயே இடுப்பில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிற ஒரே மனிதன், எங்கள் பட்டறை அர்ணாக்கயிறுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ரேஷன் கடைக்காரரே அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

எங்கள் பட்டறையில் சோலார் பம்புசெட்டுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிறோம். பெட்டிக்குள் எந்த ஒயரைப் போடுவது என்று தேர்ந்தெடுப்பது அவன் வேலை. சாம்பிள் ஒயர் வந்தால் நாங்கள் விலை கேட்போம். அவன் சட்டையைத் தூக்கி, இடுப்பில் ரெண்டு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டுக்கொள்வான். ஒரு மாதம் கழற்ற மாட்டான்.

"வேர்வ, உராய்ச்சல், மடிப்பு. மூணு டெஸ்ட்டும் ஒரே எடத்துல முடிஞ்சிடுதுணா" என்பான்.

இன்னொரு துண்டு தகரக் கூரையில் காயும். இன்னொன்று அவன் வண்டி சைலன்சரை ஒட்டி வேகும். ஒருநாள் அவன் சம்சாரம் மாகறலிலிருந்து பஸ் ஏறி வந்து பட்டறை வாசலில் நின்றாள். "நாஷ்டாவுக்கு இட்லிப் பானையத் தொறந்தா உள்ள ஒயர அவிய வச்சிக்கீறாரு. நீங்க யாராச்சும் கேக்க மாட்டீங்களா?" என்றாள். அவன் உள்ளிருந்து கேட்டது ஒன்றுதான்: "ஒயரு தோலு உப்பிச்சா, இல்லியா? அத்த மொதல்ல சொல்லு."

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவன். பத்தாம் வகுப்பு பாஸ், கணக்கில் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி நடந்துகொண்டேன். உண்மையில் எனக்குக் கைவந்த ஒரே வித்தை பின்னல். தேன்மொழி, தினமும் உனக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுகிற இந்தக் கைதான் பெட்டிக்குள் ஒயர்களையும் பின்னும். மூன்று புரி, இறுக்கம், நுனியில் ஒரு சுருக்கு. பெட்டியைத் திறந்தால் கல்யாணப் பெண் திரும்பி நிற்பது போலிருக்கும்.

பெருநகர் கிராமத்தில் உங்கள் தாத்தா நிலத்துக்கு சோலார் பம்பு வந்தபோது, அந்தப் பெட்டியை நான்தான் கட்டுவேன் என்று நின்றேன். மாமனார் வீட்டு விஷயம். சொந்தபந்தமெல்லாம் திறந்து பார்க்கும். கடைத்தெருவில் பளபளவென்று சிவப்பும் கறுப்புமாக வீட்டு ஒயர் வாங்கிவந்தேன். முடி மாதிரி வளைந்தது.

அர்ணாக்கயிறு அதை நகத்தால் கீறிப் பார்த்தான். "ணா, இது ஃபேனுக்குப் போட்ற ஒயரு. பதினஞ்சு பேனலு வரிசையா கோத்தா உச்சி வெயில்ல எழுநூறு வோல்ட்டு நிக்கும்."

"எழுநூறுதானே? ஒயர் மேலயே ஆயிரத்து நூறுன்னு அச்சடிச்சிக்கீது. படிக்கத் தெரியாதா உனக்கு?"

"அது தோலு நல்லா கீற வரைக்கும்ணா. பொட்டிக்குள்ள சூட்டுல தோலு வெந்துடும். வெந்த தோலு தகரத்து விளிம்புல அழுந்திச்சினா கிழியும். வூட்டு கரண்ட்டு மூச்சு வுட்டு வுட்டு வரும், பொறி கெளம்புனாலும் அணையும். பேனலு கரண்ட்டு மூச்சே வுடாது. பத்திக்கினா பத்திக்கினதுதான்."

சொல்லிவிட்டு, தான் தேர்ந்தெடுத்த ரெட்டைத் தோல் ஒயரைப் போட்டுவிட்டுப் போனான். அது விறைப்பு. பெட்டிக்குள் வேலிக்காத்தான் முளைத்த மாதிரி நின்றது. அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அதைப் பிடுங்கிவிட்டு, என் ஒயரைப் போட்டுப் பின்னி மூடினேன்.

திறப்பு விழா. பெட்டிக்கு சந்தனம், குங்குமம், மாலை. ஊரே மடையில் நின்றது. நாற்றங்கால் இரண்டு நாளாகத் தண்ணீர் காணாமல் வெடித்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க மாப்ள கட்டுன பொட்டி" என்று தாத்தா சொல்ல, எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த மிதப்பில் எர்த் கம்பியைக்கூட 'சாப்பிட்டுவிட்டுக் கொடுத்துக்கலாம்' என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் இலைக்குப் போக, அர்ணாக்கயிறு மட்டும் பெட்டியை முகர்ந்துகொண்டிருந்தான்.

"ணா, வாசன வருது."

"கற்பூரம்டா. வா, வடை ஆறுது."

"கற்பூரம் இப்டி நாறாதுணா."

அந்த நேரம் பார்த்து உங்கள் தாத்தா மடையில் கைகால் கழுவிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து, மாப்பிள்ளை கட்டிய பெட்டியைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார். அர்ணாக்கயிறு பாய்ந்தான். இருவரும் சேற்றில் உருண்டார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் அலறினார்கள். "எவன்டா இவன், என்னிய சாய்ச்சிட்டான்!" என்று தாத்தா கத்தினார்.

அவன் சேற்றோடு எழுந்தான். ஓடிப்போய் பேனல் பக்கத்து சுவிட்சை இறக்கினான். உள்ளே தங்கிய கரண்ட் வடியட்டும் என்று பத்து நிமிடம் கையை அகல விரித்து, யாரையும் கிட்டே விடாமல் நின்றான். பிறகு திறந்தான். என் அழகுச் சடை ஒரு பக்கம் தகர விளிம்பில் உருகி வழிந்திருந்தது. செம்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டு தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் கொடுக்காத பெட்டி முழுக்கக் கரண்ட்; தாத்தாவின் ஈரக்கை தொட இருந்தது அந்தத் தகரக் கதவைத்தான்.

"இன்னா ஒயர்டா இது? யார் போட்டது?" என்றார் தாத்தா.

நான் பெட்டியின் மாலையைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"நான்தான் பெரியவரே" என்றான் அவன். "ஒயரு பொறுக்கறது என் வேல. அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்."

உங்கள் தாத்தா வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டான். நான் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்று காய்கிறது. நல்ல ஒயர் பட்டறையில் கிடக்கிறது. பஸ்ஸில் போய்வந்தால் பொழுது சாய்ந்துவிடும். அவன் சட்டையைத் தூக்கினான். இடுப்பிலிருந்து ரெண்டு சுற்று ஒயரை அவிழ்த்தான். "ஒரு மாசம் பாத்துட்டேன், தாங்கும்" என்று துடைத்து, பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என்று வெட்டினான். எர்த்தையும் அவனே கொடுத்தான். தண்ணீர் மறுபடி வந்தது. அர்ணாக்கயிறு இல்லாத இடுப்போடு, பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினான்.

நான் கிளம்பும்போது தாத்தா என் தோளில் கைவைத்து மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, அந்த ஒயருல கீற பின்னலும் எம் பேத்தி தலையில கீற பின்னலும் ஒரே கையி. அந்தப் புள்ளய இன்னொரு நாளு சாப்பாட்டுக்கு இட்டுக்கினு வா."

அன்று சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பினேன். யாரும் இல்லை. ஆம்பளை இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது என்பார்கள். அந்த ரெட்டைத் தோல் ஒயர்ச் சுருளை எடுத்து, என் இடுப்பில் ரெண்டு சுற்று அளந்தேன். அவன் ஒல்லி, அதில் ஒரு முழம் குறைத்து வெட்டினேன். நகத்தால் கீறிப் பார்த்தேன், தோல் விடவில்லை. அவன் சாப்பாட்டுப் பை மாட்டுகிற ஆணியில், பின்னாமல், அப்படியே தொங்கவிட்டு வந்தேன்.