சுங்கையில் விட்டுப்போன சாமான்கள்

கண்டக்டர் நகராண்மைக் கழகத்தின் ஒற்றர் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். சம்பளம் வாங்காமல் ஒரு மனிதன் சாக்கடையில் இறங்குவான் என்பதை, அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த அப்பாவால் ஏற்க முடியவில்லை. எழுபதுகளின் ஜெலுத்தோங்கில் கண்டக்டரைப் போல அஞ்சப்பட்டவர் வேறு எவரும் இல்லை. சந்தைமுனைச் சண்டியர்கள்கூட அவரைக் கண்டதும் கையிலிருந்த காகிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சுங்கை, அதாவது ஆறு, ஓடியது. அதைச் சிற்றாறு என்று அழைத்திருந்தால் அதற்கே கூச்சமாக இருந்திருக்கும். குப்பை லாரி ஏற்க மறுத்ததையெல்லாம் நாங்கள் அதில்தான் போட்டோம். எதிர்க்கரையில் வரிசையாகப் பலகை வீடுகள். அவற்றுள் ஒன்றில் தனியாக வசித்த இவர், பஸ்ஸில் கண்டக்டர். பெயரை யாரும் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் காக்கிக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு நீரில் இறங்குவார். எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தால், நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு அவரை மறந்திருப்போம். அவரோ ஒவ்வொன்றையும் போட்டவர் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனார்.

அப்பா ஒருநாள் அந்தி மங்கலில் பழைய மெத்தை ஒன்றைச் சுங்கைக்குள் தள்ளிவிட்டு வந்தார். மறுநாள் மாலை அது நீர் சொட்டச் சொட்ட எங்கள் வாசல் தூணில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் கண்டக்டர்.

"ஐயா, உங்க மெத்தை. எறங்குறப்ப விட்டுட்டீங்க."

"இது எங்கட மெத்தை இல்லை," என்றார் அப்பா, யாழ்ப்பாணத்து மிடுக்குடன்.

"அப்படியா? சரிலா. பக்கத்து வீட்ல கேட்டுப் பாக்கறேன். நீலக்கோடு போட்டது, தலமாட்டுல எண்ணெய்க் கறை..."

அவர் குரல் பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்டுப் பழகிய குரல். தெருவில் சன்னல்கள் திறந்தன.

"சரி, சரி! அதிலை வைச்சிட்டுப் போம்!"

"பஸ்ல விட்டதையும் திருப்பிக் கொடுக்கணும், சுங்கையில விட்டதையும் திருப்பிக் கொடுக்கணும் ஐயா. ஒரே சட்டம்தான்."

மெத்தை காய மூன்று வாரமாயிற்று. அம்மா அதற்குப் புது உறை தைத்தார்.

அவர் நீதி எப்போதும் நல்லதையே செய்தது என்று சொல்ல முடியாது. அவருக்கு அடுத்த பலகை வீட்டில் இருந்த மீனாட்சி அக்கா, கணவர் ஒளித்து வைத்திருந்த சம்சுச் சாராய பாட்டிலை ஆத்திரத்தில் நீரில் வீசினார். கண்டக்டர் அதைத் துடைத்து, மூடி திறவாமல், கணவரின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"தெய்வம்யா நீ!" என்று அந்த மனிதர் அழுதார்.

"நாசமாப் போக, நீயும் ஒன் சுங்கையும்!" என்று மீனாட்சி அக்காவும் அழுதார்.

இப்படியே சில ஆண்டுகளில் எறிவதற்கு யாருக்கும் துணிவில்லாமற் போயிற்று. தண்ணீர் தெளிந்தது. சிறு மீன்கள் தென்பட்டன. ஒரு நாரைகூட வந்து, நம்ப முடியாததுபோல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றது. செய்தி நகராண்மைக்கு எட்டியது. பதாகை கட்டி, கறிப்பாப் பலகாரம் கொடுத்து, பெரிய கூட்டுத் துப்புரவு ஒன்று நடந்தது. வந்தவர்கள் குடித்த காகிதக் கோப்பைகளைக் கண்டக்டர் நீரிலிருந்து பொறுக்கி, புறப்படத் தயாராக இருந்த கார்களின் சன்னல் வழியே ஒவ்வொருவர் மடியிலும் வைத்தார். நகராண்மை அதிகாரி, நம்மவர்தான், வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த மாதிரி சுங்கைய அழகுபடுத்தாம விடக்கூடாது அண்ணே!"

அழகுபடுத்துவதற்குக் கரை தேவைப்பட்டது. கரையில் பலகை வீடுகள் இருந்தன.

வீடுகளைக் காலிசெய்யச் சொல்லும் அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்று மீனாட்சி அக்கா கண்டக்டர் வாசலில் வந்து நின்றார். கணவர் அதற்குள் இறந்திருந்தார். மகள்கள் இருவரும் சிறுமிகள். "ஏன் அண்ணே, அந்தக் குப்பைய அதுபாட்டுக்கு விட்டிருந்தா எவனாவது இந்தப் பக்கம் திரும்பிப் பாத்திருப்பானா?"



அதன்பின் விடுப்பு நாள்களில் கண்டக்டர், எல்லோருக்கும் மாற்று வீடு கேட்டு, நகராண்மை அலுவலக வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு குடும்பமாக அடுக்குமாடியில் வீடு கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது. கிடைக்காதவர் மீனாட்சி அக்கா மட்டுமே. இங்கேயே ஆளாகி, இங்கேயே மணமுடித்து, இங்கேயே விதவையானவர். ஆயினும் குடியுரிமை இல்லாதவருக்குரிய சிவப்பு அட்டைதான் அவர் கையில் இருந்தது. கண்டக்டர் தொடர்ந்து போனார்.

"ஒங்க சாவியத்தான் கொடுத்தாச்சே அண்ணே, இன்னும் என்ன?" என்றார் அதிகாரி, அவரும் மனம் நொந்துதான்.

"என் பஸ்ல இன்னும் ஆள் இருக்காங்க சார். எல்லாரையும் எறக்கிட்டுத்தான் கண்டக்டர் எறங்கணும்."

சட்டம் இறங்கவில்லை.

வீடுகளை இடிக்க ஆள்கள் வந்த காலையில் நான் எங்கள் பின்கட்டில் நின்றிருந்தேன். மீனாட்சி அக்கா மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வழக்கம்போல் கால்சட்டையை மடித்துக்கொண்டு நீரில் இறங்கினார், குனிந்தார், எழுந்து, ஈரக் கையோடு அவரிடம் போனார்.

"தங்கச்சி, ஒங்க சாவி. சுங்கையில கெடந்துச்சு."

"இது என்னுது இல்ல அண்ணே."

"ஒங்களுதுதான். நீங்க விட்டத நான் பாத்தேன்."

அவர் குரல் இக்கரைக்கு மட்டுமட்டாகத்தான் கேட்டது. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அறிந்ததில்லை.

கண்டக்டர் அன்றே பைராம் தோட்டத்திலிருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஒற்றர்களுக்கு நகராண்மை மாற்றலும் கொடுக்கும் போலிருக்கிறது என்று அப்பா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, சொன்னவரும்கூட. அந்த நீலக்கோட்டு மெத்தையில்தான் அப்பா கடைசிவரை படுத்தார்.

இப்போது கரையில் நடைபாதையும் விளக்குகளும் இருக்கின்றன. நாரை வருவதில்லை. தண்ணீர் மறுபடியும் கறுத்துவிட்டது. திருப்பிக் கொடுக்க அவர் இல்லை. மிதந்து போகிறவற்றின் சொந்தக்காரர்கள், நாங்கள் மட்டும் இருக்கிறோம்.