கோட்டுச்சேரி ரோட்டுத் தீர்த்தம்

சித்திரை வெயிலில் குளமெல்லாம் வாய் பிளந்து கிடக்க, கோட்டுச்சேரி ரோட்டோரப் பள்ளம் ஒன்றில் மட்டும் தண்ணீர் ஊறியது. விடுவார்களா நம்மவர்கள்? மஞ்சள் துணி கட்டி வேப்பிலை செருகினார்கள். மறுவாரமே அது புற்றுநோய் தீர்க்கும் அம்மன் ஊற்றாகிவிட்டது. பள்ளத்துக்குப் பின்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மதில் இருந்தது. உள்ளே புற்றுநோய்க்கு ஊசி போடுகிறார்கள். பக்தி வந்தபிறகு மதிலா கண்ணுக்குத் தெரியும்?

ஊற்றைக் காத்தவர் பஞ்சநாத சுவாமிகள். போன வருஷம் வரை பிராந்திக் கடையில் சோடா ஊற்றிக் கொடுத்தவர். இப்போது தீர்த்தம் ஊற்றினார். காணிக்கை முன்கூட்டியே வாங்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

காரைக்கால்மேட்டில் மீன் விற்கும் கனகாம்பாள், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைக் கூடையில் போடமாட்டாள். அப்பேர்ப்பட்டவளும் குடத்தோடு வரிசையில் நின்றாள். தங்கை சௌந்தரவல்லிக்கு மார்பில் கட்டி. அதே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தலைமுடியெல்லாம் கொட்டிவிட்டது.

"ஊசியும் தீர்த்தமும் சேராதும்மா. ஊசிய நிறுத்து. தங்கச்சி உசுருக்கு நான் பொறுப்பு" என்றார் சாமி. அடுத்த ஊசி மறுநாள்.

வீட்டுக்கு வந்த குடத்தைச் சௌந்தரவல்லி தொடவில்லை. "அக்கா, ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கக்கூசுல ரெண்டு தடவ தண்ணி ஊத்தணும், வாந்தியத் தொடைக்கிறவங்க கையுறை போடணும்னு நர்ஸம்மா சொன்னாங்கல்ல? மருந்து ஒடம்புலேந்து வெளிய வருது. ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கிறவங்க போறதெல்லாம் எங்க போவும்? மதிலுக்கு வெளிய அந்தப் பள்ளத்துக்குத்தான்."

"அப்ப அதுல மருந்து இருக்குல்ல? மருந்துதானடி நோயத் தீக்கும்!" என்று மடக்கினாள் கனகாம்பாள்.

"எனக்கு அளந்து ஏத்துறப்பவே முடி போச்சு. வேகமா வளர்றது எதுவானாலும் அழிக்கிற மருந்து, அக்கா. வரிசையில புள்ளத்தாச்சியும் நிக்கிறாளே, அவ வயித்துல இருக்கறதும் வளர்றதுதானே?"

கனகாம்பாள் குடத்தைத் தள்ளி வைத்தாள். அழுகைதான் வந்தது. "நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

"சரி. சாமி என் கண்ணு முன்னாடி ஒரு மடக்கு குடிக்கட்டும். ஊசிய விட்டுடறேன்."

சாயங்காலம், ஊற்றடியில் கூட்டத்துக்கு நடுவே சௌந்தரவல்லி இரண்டு டம்ளர் தண்ணீரை வைத்தாள். "ஆயிரம் குடத்துக்கு நடுவுல வச்சாலும் உங்க தீர்த்தம் உங்களுக்குத் தெரியுமாமே சாமி. இதுல எது?"

சாமி கண்ணை மூடினார், முணுமுணுத்தார், வலது டம்ளரைத் தொட்டார். "இதுலதான் ஆத்தா சிரிக்கிறா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்ப ஒரு மடக்கு குடிங்க."

"இன்னிக்கு எனக்கு மௌன விரதம்" என்று சாமி சத்தமாகவே சொன்னார்.

"தீர்த்தத்துக்கு ஏது சாமி விரதம்?" என்றது கூட்டம். குடிச்சிரு சாமி, குடிச்சிரு என்று கனகாம்பாள் உள்ளுக்குள் கெஞ்சினாள். சாமி டம்ளரை உதடு வரை கொண்டுபோனார். உதடு திறக்கவில்லை.

"அது வேணாம்னா இத குடிங்க."

அதையும் தொடவில்லை. எது எதுவென்று தெரிந்தால்தானே!

சௌந்தரவல்லி இரண்டையும் எடுத்து மடமடவென்று குடித்தாள். "ரெண்டுமே எங்க வீட்டுப் பைப்புத் தண்ணி."

கனகாம்பாள் சாமியின் காவித் துண்டைப் பிடித்து இழுத்தாள். "நீ வாயில வைக்காத தண்ணியையாடா என் தங்கச்சிக்குக் குடுக்கச் சொன்ன?"

"ஆஸ்பத்திரிக் குழாய் ஒடஞ்சதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று அலறினார், அதுவரை அம்மன் ஊற்று என்று ஓதியவர்.

பஸ் ஸ்டாண்டு வரை ஊரே சேர்ந்து துரத்தியது. மறுநாள் தங்கைக்கு ஊசி ஏறியதும், கனகாம்பாள் நேரே ஆஸ்பத்திரி ஆபீசுக்குள் நுழைந்தாள். "அந்தக் குழாய எப்பங்க சரி பண்ணுவீங்க? அந்தத் தண்ணிய என்ன பண்ணப் போறீங்க?" திரும்பிப் பார்த்தாள். துரத்திய கூட்டத்தில் ஒருவர்கூடப் பின்னால் இல்லை.

பள்ளத்துத் தண்ணீர் இன்னும் வழிந்து வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் போகிறது. சாமியாரைக் கேள்வி கேட்காமல் ஏமாந்தீர்கள், போகட்டும். ஆஸ்பத்திரியையும் கேட்காமல் இருக்கிறீர்களே, அதற்கு எந்தச் சாமியார் மேல் பழி போடுவீர்கள்?