அறுந்த பெல்ட்டும் அக்காவின் பத்து விரல்களும்

அம்பிட்டிய,
கண்டி.
ஓகஸ்ட் 12, செவ்வாய் காலை

அன்புத் தம்பி சுதேஷுக்கு,

அக்கா கலாராணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தான் ராஜலிங்கமும் நலம், அவருடைய பிரஷர்கூட இந்த மாதம் அடங்கி நடக்கிறது. டோஹா வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் காரும் நலம். இந்தக் கடைசி வசனத்தை மட்டும் நல்ல மனதோடு இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கீழே வா.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ முதல் வரியிலேயே கத்துவாய், மிச்சத்தை நான் சொல்ல ஏலாது. கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் அடுத்த வரி அதே இடத்தில் இருக்கும். அதனால்தான் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்பும் உன் கூட்டாளி தினுஷனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ முப்பதாம் தேதி வந்து பொனட்டைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, கூடப்பிறந்தவள் வாயால் தெரிந்துகொள்வது நல்லது.

காரை ஒப்படைக்கும்போது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. கிழமைக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, உறையைப் போட்டு மூட வேண்டும், ரோட்டில் மட்டும் இறக்கக் கூடாது. ஒன்பது வருடம் பாலைவனத்தில் உழைத்து வாங்கிய கார் என்றும் சொன்னாய். ஆறு மாதம் அப்படியே செய்தேன், பிள்ளையார் மேல் ஆணை. ஆனால் முப்பத்தொரு வருடம் ஓடி ஓடிக் கணக்குப் படிப்பித்துவிட்டுப் பென்ஷனில் வந்தவள், நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இஞ்சினைப் பார்த்துக்கொண்டு எத்தனை கிழமை நிற்பது? லைசன்ஸ் என்னிடமும் இருக்கிறது. ஒரு நாள் கேட் வரைக்கும் போனேன். அடுத்த கிழமை சந்தி வரைக்கும். அப்புறம் தேங்காய் வாங்க, அப்புறம் தேங்காய் வாங்காமலே. இதெல்லாம் சின்ன விஷயம், நீ கோபத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறாளே ருஷ்தா, கேக் செய்து விற்கிறவள், அவள் ஹேவாஹெட்டவில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று தட்டுக் கேக் செய்திருந்தாள். அவளுடைய உயரத்தில் பாதி இருக்கும். கூட்டிப்போவதாகச் சொன்ன வேன்காரர் காலையில் வர ஏலாது என்றுவிட்டார். ஆட்டோவில் அந்தக் கேக்கை ஏற்றினால் போய்ச் சேரும்போது மூன்று தட்டும் ஒரே தட்டாகிவிடும். அவள் கேட்டில் நின்று அழுதாள். அந்த நேரத்தில் உன் கார் உறைக்குள்ளே சும்மா நிற்கிறது. நீயாக இருந்தாலும் என்ன செய்திருப்பாய் என்று நெஞ்சில் கைவைத்து யோசித்துப் பார்.

ருஷ்தா பின் ஸீட்டில் கேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தலாத்துஓயா தாண்டும் வரைக்கும் பட்டு மாதிரி ஓடியது. அதற்குப் பிறகு ஏற்றம், வளைவு, இன்னொரு ஏற்றம். மூன்றாவது வளைவில் முன்னால் எதுவோ 'டப்' என்றது. அவ்வளவுதான். சத்தம் இல்லை, இழுவை இல்லை, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பின்னால் ருஷ்தா ஆறுதலாகச் சொன்னாள்: "கேக்குக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நமக்கு என்ன நடந்த?"

சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றியது, ஆனால் துணி வைக்காத தையல் மெஷின் மாதிரி வெறுமனே சுற்றியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வேளையாகப் பின்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய ஒரு லொறி வந்தது. தினேஸ் என்று ஒரு டிரைவர், தங்கமான மனிதர். கொழுந்து மூட்டைகளைப் பரப்பி மெத்தை மாதிரி ஆக்கி, அதன் மேல் கேக்கையும் ருஷ்தாவையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு ரோஜாப்பூக்கூட உதிராமல் கேக் போய்ச் சேர்ந்தது. அதில் பச்சைத் தேயிலை வாசம் வருகிறதே, அது எந்த எசன்ஸ் என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். கேக்கின் கதை இத்துடன் சுபம். காரின் கதைக்கு வருவோம்.

டவுனில் ஒரு கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒருவர் பக்கத்து மூடியைக் கழற்றி, செத்த பாம்பைத் தூக்குகிற மாதிரி ஒரு கறுப்புப் பட்டியை எடுத்துக் காட்டினார். டைமிங் பெல்ட் அறுந்துவிட்டதாம். பட்டிதானே, இன்னொன்று போடுங்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கீழே பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன, இரண்டும் முட்டிக்கொள்ளாமல் நேரம் பார்த்து ஓட வைப்பதே அந்த பெல்ட்தானாம். அது அறுந்தால் திறந்த வால்வு திறந்தபடி நிற்கும், பிஸ்டன் வந்து அதன் தலையில் இடிக்கும். இஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இஞ்சின் எடுக்க வேண்டும், இரண்டு மாதமாகும் என்றார். நீயோ இன்னும் ஆறு கிழமையில் வந்து இறங்குவாய். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. நீ அனுப்பிய போட்டோவில் இந்தக் காரின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பாயே, அதைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். அத்தானிடம் கார் சர்விஸுக்குப் போயிருக்கிறது என்றேன். சர்விஸ் நல்லது என்றார்.

காலையில் ருஷ்தா வந்து, அக்குறணையில் தன் மாமா ஜமால்தீன் கராஜ் வைத்திருக்கிறார், அவர் கைவைத்து ஓடாத இஞ்சின் இல்லை என்றாள். உடனே காரை அங்கே இழுக்க வைத்தேன். போய்ப் பார்த்தால் கைதான் இல்லை. அறுபத்திரண்டு வயதில் கொய்யா மரத்தில் ஏறி விழுந்து, வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். அவரோடு வேலை செய்தவர் கொரியாவுக்குப் போய்விட்டார். ஜமால்தீன் நானா பெல்ட்டை இடது கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நுனியைக் கிள்ளிப் பார்த்தார்.

"வித்த ஆள் இத மாத்தினதாச் சொன்னாரா?" என்று கேட்டார்.

ஆமாம், தம்பியிடம் அப்படித்தான் சொன்னாராம் என்றேன்.

"இது கார் பொறந்த நாளு பெல்ட் டீச்சர். நீங்க எடுத்தாலும் அறும், தம்பி எடுத்தாலும் அறும்."

இந்த இடத்தை நீ கோடிட்டு வைத்துக்கொள். நீ கடுகண்ணாவை இறக்கத்தில் பெண்சாதி பிள்ளைகளோடு போகும்போது அறுந்திருந்தால் என்னவாகியிருக்கும்? அக்கா குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். சரி, அது இருக்கட்டும். இஞ்சினைத் திறந்து வால்வை மாற்றினால் காரை எழுப்பலாம், ஆனால் கட்டு அவிழ ஒரு மாதம் போகும், கை இல்லாமல் என்ன செய்ய ஏலும் என்று நானா சொன்னார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"என் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு நானா. நீங்க சொல்லுங்க, நான் கழட்டுறேன்" என்றேன்.

அவர் என் சேலையைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் அந்த மனிதரின் பெரிய குணம். "வளையல வீட்டுல வெச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

தம்பி, அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் கை பரபரக்கிறது. தினமும் அம்பிட்டியவிலிருந்து ஒரு பஸ், கண்டியிலிருந்து மாத்தளை ரோட்டில் இன்னொரு பஸ். பெரஹரா ஊர்வல நாட்களில் ரோட்டை மூடிவிட்டார்கள், கட்டுகஸ்தோட்டை வரைக்கும் நடந்தே போனேன். அங்கே போனதும் அத்தானின் பழைய ஷேர்ட்டைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொள்வேன். நானா கதிரையில் இருந்துகொண்டு ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரால் சுட்டிக் காட்டுவார், நான் கழற்றுவேன். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் தகர மூடிகளில் போட்டு, எந்த இடத்தது என்று சோக்கால் எழுதி வைத்தேன். நாற்பது வருடத்தில் இப்படி ஒரு ஒழுங்கைத் தன் கராஜ் கண்டதில்லை என்றார். மூன்றாம் நாள் இஞ்சினின் தலையை இரண்டு பேருமாக மூன்று கையால் தூக்கி இறக்கினோம். பதினாறு வால்வில் எட்டு வளைந்திருந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. தலை நெளியாமல் சமமாக இருக்கிறதா என்று லேத் பட்டறைக்கு அனுப்பிப் பார்த்து, புது வால்வுகளுக்குக் கரகரவென்ற ஒரு பசை தடவி, ஒரு குச்சியை அதில் ஒட்டி, வால்வு பொருந்தி உட்காரும் வரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்ட வேண்டும். இதற்குப் பழக நாளாகும் என்று நானா சொன்னார். மோர் கடைகிற அதே வேலை. ஒரு மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன்.

கையில் இருந்த கறுப்பு எதற்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் திருநீற்றை மேலே இருந்து போட்டார். பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் எப்போதும் காலியாகவே வந்தது. அத்தான் இரண்டாம் கிழமைதான் என் விரல்களைக் கவனித்தார். உண்மையைச் சொன்னேன். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், வீட்டுத் தண்ணீர் மோட்டரும் இரண்டு மாதமாக முனகுகிறது, நேரம் இருந்தால் பார் என்றார்.

போன வியாழக்கிழமை பெல்ட் போட்டோம். பெல்ட் ஓடும் பல்சக்கரங்களில், கீழ்ச் சக்கரத்தில் ஒரு குறி, மேல் சக்கரத்தில் ஒரு குறி, இரண்டையும் அதது இடத்துக்கு நேராக வைத்து பெல்ட்டை ஏற்ற வேண்டும். நான் பழக்க தோஷத்தில் பல்லை எண்ணினேன். கீழே இருபத்து நான்கு, மேலே நாற்பத்தெட்டு! கீழ்ச் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேல் சக்கரம் ஒரு சுற்று. விகிதம், தம்பி. ஒன்றுக்கு இரண்டு. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்ததெல்லாம் ஒவ்வொரு காருக்குள்ளும் ஒளிந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிர்க் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது நானாவின் சட்டம். சுற்றினேன். குறிகள் வந்து நின்றன. கதிரையிலிருந்து பார்த்துவிட்டு நானா சரி என்றார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது, வந்து ஸ்டார்ட் பண்ணுவோம் என்று எழுந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கீழ்க் குறி நேராக இருந்தது. மேல் குறி ஒரு பல் அளவு தள்ளி நின்றது.

"நானா, மேல ஒரு பல்லு பின்னுக்கு நிக்குது" என்றேன்.

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நாற்பது வருடத் தொழில், வராதா? ஆனாலும் கிட்ட வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது கையால் டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். என் கண் பிழையென்றால் அவரைச் சபையில் குறை சொன்னவள் ஆவேன். என் கண் சரியென்றால் மூன்று கிழமை வேலையில் ஒரு பிழை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"கழட்டுங்க டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு பல்லு தப்பினாலும் ஓடும். ஆனா ஒழுங்கா ஓடாது. நான் விட்டிருப்பேன்."

கழற்றினேன், திரும்பப் போட்டேன், திரும்ப இரண்டு சுற்று. இந்தத் தரம் மயிரிழை பிசகவில்லை. அவர் பள்ளிவாசல் போய்வரும் வரைக்கும் நான் சாவியைத் தொடாமல் காத்திருந்தேன். வந்தவர் டிரைவர் ஸீட்டைக் காட்டி, நீங்களே போடுங்க என்றார். முதல் தரம் கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. பெற்றோல் ஏற வேண்டாமா, இன்னொரு தரம் போடுங்க என்றார். இரண்டாம் தரம் ஒரு இருமல், ஒரு குலுக்கல், அப்புறம் பிடித்துக்கொண்டது பார். சீராக, ஒரே தாளத்தில், பதினாறு வால்வும் வரிசை தவறாமல். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன், சிரிப்பும் வந்தது, மூக்கெல்லாம் கிறீஸ். நானா இஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். ருஷ்தா கொண்டுவந்த கேக்கை அவர் ஒரு துண்டு, நான் நான்கு துண்டு சாப்பிட்டோம்.

பெண்சாதியிடம் இதை நீயே பக்குவமாகச் சொல். கோபம் என்றால் என் மேல் வை, நானா மேல் வைக்காதே. கார் இப்போது உறைக்குள் நிற்கிறது. நீ வந்து சாவியை வாங்கும் வரைக்கும் அதை ரோட்டில் இறக்க மாட்டேன், ஸ்பானரையும் இனிக் கையால் தொட மாட்டேன். இது வளையலை மறுபடி போட்டுக்கொண்ட கையால் எழுதும் சத்தியம்.

உனக்கும் குடும்பத்துக்கும் எல்லாச் செல்வமும் நிறையட்டும், பயணம் பத்திரமாக அமையட்டும். அத்தான் அன்பைச் சொல்லச் சொன்னார், ருஷ்தா ஸலாம் சொன்னாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா கலாராணி

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது ஜமால்தீன் நானாவிடமிருந்து போன். தெல்தெனியவில் ஒரு வேன் நடுரோட்டில் நின்றுவிட்டதாம். சத்தம் எப்படி என்று கேட்டேன், துணி வைக்காத தையல் மெஷின்தான், சந்தேகமே இல்லை. அவருடைய கட்டு அவிழ இன்னும் ஒரு கிழமை இருக்கிறது, அந்த வேனின் இஞ்சினில் மேலே இரண்டு பல்சக்கரமாம், அதை நான் இன்னும் பார்த்ததில்லை. பஸ்ஸில் போனால் மத்தியானமாகிவிடும். ஆகவே நானாவை ஏற்றிக்கொண்டு உன் காரில் போகிறேன். மேலே எழுதிய சத்தியத்தை நாளை காலையிலிருந்து கணக்கில் எடுத்துக்கொள். வேனில் வால்வும் வளைந்திருந்தால், முப்பதாம் தேதியிலிருந்து.