இரண்டு மனைவிக்காரருக்குப் பட்டாளத்தில் விலக்கு என்று நீங்கள் போட்ட சேதி பற்றி

திருமுல்லைவாயில்,
சித்ரபானு வருஷம், ஆனி மாதம், புதன்கிழமை.

‘பூவைச் சங்கநாதம்’ வாரப் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, தாட்சாயிணி கைகூப்பி எழுதிக்கொண்டது. மாசிலாமணி ஈசர் அருளாலும் கொடியிடையம்மன் கிருபையாலும் தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் தங்கள் வீட்டு அம்மாளும் (ஒரே அம்மாள்தான் என்று நம்புகிறேன்) சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. பொய் எழுதிப் பழக்கமில்லாததால் அதை விட்டுவிட்டேன்.

ஐயா, நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டு மனப்பாடமான பதிகங்களை, அண்ணன் வைத்திருந்த புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து, எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று நானே கண்டுபிடித்துக் கற்றவள். அதனால் எதைப் படித்தாலும் ஓர் எழுத்தை விடமாட்டேன், இல்லாத எழுத்தைச் சேர்க்கவும் மாட்டேன். இரண்டும் பாவம். எங்கள் வீட்டுக்காரருக்கு எழுத்து வராது. ஆவடியில் புதிதாகப் போட்டிருக்கும் பட்டாளத்துக் கூடாரங்களுக்கு வைக்கோல் வண்டி அடிக்கிறார். வியாழக்கிழமைதோறும் பூந்தமல்லியிலிருந்து ஊதுபத்தி விற்க வரும் நஜீர் பாய் உங்கள் பத்திரிகையையும் கொண்டுவருவார். நான் வாசலில் உட்கார்ந்து படிக்க, தெருவே கேட்கும். போன வியாழக்கிழமை, பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயது வரை உள்ள ஆண்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கப் போவதாக நம்பத்தகுந்த வட்டாரத்தில் தெரியவருகிறது என்று படித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. ‘இரண்டு மனைவியரைக் காப்பாற்றும் பொறுப்புள்ளவர்களுக்கு விலக்கு உண்டென்றும் சொல்லப்படுகிறது’ என்று கடைசிப் புள்ளி வரைக்கும் கணீரென்று படித்துவிட்டேன். என் குடியை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

வண்டிக்கார வேம்புலி முதலில் வாயைத் திறந்தான். “இன்னா மாமே, ஒத்தப் பொண்டாட்டிக்காரன் சண்டைக்கு, ரெட்டைப் பொண்டாட்டிக்காரன் ஊட்டுக்கா? பாய், உங்க பாடு தேவல. நாலு வரைக்கும் கட்டிக்கலாம்.”

“ஒண்ணுக்கே அரிசி கெடைக்கல நைனா, நீ வேற” என்றார் நஜீர் பாய்.

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தீபாவளிக்கு வெடி போட்டால் மாடு மிரளும் முன்பே மிரண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் நிற்கிறவர் அவர். ராத்திரி சோறு போடும்போது ஆரம்பித்தார். “எனக்கின்னா ஆசையா தாட்சாயிணி? உன் தாலி நிக்கணும்னுதான் இன்னொரு தாலி கட்லாம்னு பாக்கறேன்.”

“என் தாலி நிக்கறதுக்கு எவ கழுத்து வோணுமாம்?”

“அயனம்பாக்கத்து வடிவு கூட சும்மாதான் கீறா. அத்த மவ. அசலா இன்னா?”

“நானு இன்னும் பேரே கேக்கல. அதுக்குள்ள ஊரோட வந்துட்ச்சே” என்றேன். அன்றைக்கு ரசம் கேட்டார், ஊற்றவில்லை.

ஐயா, இந்த வடிவு அவருக்குக் கட்டுவதாக இருந்து, ஜாதகம் சேராமல் போனவள். அதன் பிறகு அவளுக்கு எதுவும் அமையவில்லை. தலைமயிர் இடுப்புக்குக் கீழே வரும் என்பார்கள். நான் பார்த்தவரையில் இடுப்போடு சரி. ஏரிக்கரையில் வீடு, ஏரி மீனில் குழம்பு. நான் திங்கள், வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம் இவற்றுக்கெல்லாம் மீன் சட்டியைத் தொடுவதில்லை. மிச்ச நாளில் ஆக்கினாலும், சாமியைக் கும்பிட்ட கையால் ஆக்கினால் உப்புப் பிடிக்கவில்லை என்று குறை சொல்வார். இப்போது ஆவடி போகிற வண்டி அயனம்பாக்கம் வழியாகப் போகிறது. ஆவடி எங்களுக்கு மேற்கே, அயனம்பாக்கம் தெற்கே. மாட்டுக்குத் திசை தெரியும், ஓட்டுகிறவருக்கு மறந்துவிட்டது. நான் கணக்குப் பார்த்து வாங்கிவைக்கும் ஒரு மாசத் தேங்காய் எண்ணெய் இந்த ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிட்டது, மீசை மினுங்குகிறது, மாட்டுக் கொம்புக்குக்கூடப் பூச் சுற்றியிருக்கிறார். எனக்குப் பூ வாங்கி எத்தனை காலமோ, அதை எழுதினால் அழுகை வரும். திருவள்ளூரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து மருமகனுக்குக் கால் கழுவிவிட்ட மனுஷன், தான் மாப்பிள்ளையாக மணையில் உட்கார்ந்தால் அந்தப் பெண் மாமியார் வீட்டில் தலை நிமிர முடியுமா?

திங்கட்கிழமை, சிவனுக்கு உகந்த நாளில், அந்த வடிவே மீன் குழம்புச் சட்டியோடு வந்து நின்றாள். “அக்கா, உன் எடத்துக்கு நானு வர்ல. சர்க்காரு காயிதத்துல எம் பேரு இருந்தா போதுமாம். மாமன் பாவம்.”

“பேரு காயிதத்துல, கொழம்பு சட்டியிலயா?” என்றேன்.

“மாமன் கேட்டாரு, எட்தாந்தேன்.”

சட்டியை உள்ளே விடவில்லை. அவர் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றபடியே தின்றார். வாசனை மட்டும் வந்தது. புளியும் காரமும் சரியாக விழுந்திருந்தன. அதுதான் ஐயா தாங்கவில்லை.

எங்கள் தெருவில் இவர் மட்டும் அல்ல. பக்கத்து வீட்டு நாகம்மாள் வந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். “அறுவது தாண்டின கெழத்த எந்தப் பட்டாளம் கூப்டப் போவுது தாட்சாயிணி? அதுவும் பொண்ணு பாத்துகினு திரியுது.”

நான் சுக்கு வாங்கினாலும் யாரிடம் வாங்கினேன் என்று கணக்கில் எழுதுகிறேன். ஊர் ஆண்களையெல்லாம் சண்டைக்கு அனுப்புகிற சேதியை யார் சொன்னது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த நம்பத்தகுந்த வட்டாரம் யார்? அவர் விலாசம் என்ன? அவருக்கு எத்தனை மனைவி? ஒருவரைக் கேட்டோமா, இன்னொருவரிடம் விசாரித்தோமா என்றில்லாமல் காதில் விழுந்ததையெல்லாம் அச்சில் ஏற்றுவது தர்மமா? இல்லாததை இருக்கிறதென்று சொல்வது எழுத்துக்குச் செய்கிற துரோகம். எழுத்து சரஸ்வதி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அயனம்பாக்கத்துக்கு வெற்றிலைத் தட்டு எடுத்துப் போவதாக இருக்கிறார். நாளை நஜீர் பாய் வந்ததும் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தட்டுக்கு முந்தின நாள் வியாழக்கிழமைப் பத்திரிகையில் ‘விசாரிக்காமல் போட்டது, தவறு’ என்று பெரிய எழுத்தில் மறுப்பு வந்தாக வேண்டும். நானே தெருவுக்குப் படித்துக்காட்டுவேன்.

தங்கள் குடும்பம் ஒன்றாகவே இருந்து, தங்கள் மனைவிக்கு ஓரகத்தி உண்டானாலும் சக்களத்தி உண்டாகாமல், பேரன் பேத்தி கண்டு வாழக் கொடியிடையம்மனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாட்சாயிணி.
(வீட்டுக்காரர் பெயரை எழுதுகிற வழக்கம் எனக்கில்லை. நஜீர் பாயைக் கேட்டுக்கொள்ளவும்.)

பின்குறிப்பு: வியாழக்கிழமை. நஜீர் பாயை நிறுத்திவைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த வாரப் பத்திரிகையைப் பார்த்தேன். பட்டாளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. “படி தாட்சாயிணி” என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு. மூட்டுவலித் தைல விளம்பரத்தில் விரலை வைத்துக்கொண்டு படித்தேன்: ‘இரண்டு மனைவியருடன் குடித்தனம் செய்கிறவர்கள் சண்டைக்கு ஏற்கெனவே பழகியிருப்பதால், அவர்களையே முதல் வரிசையில் நிறுத்துவதென்று முடிவாகியிருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரத்தில் தெரியவருகிறது.’

“இன்னா மாமே, போன வாரம் அப்டி, இந்த வாரம் இப்டியா?” என்றான் வேம்புலி.

“அச்சுல போட்டுகீதுடா. அவ ஒரு எழுத்து கூட்ட மாட்டா, கொறைக்க மாட்டா” என்றார் எங்கள் வீட்டுக்காரர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. வெற்றிலைத் தட்டில் இப்போது மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்திருக்கிறார். நாகம்மாள் வீட்டுக் கிழவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாராம். சந்நிதியில் நான் ஏற்றிய விளக்கு அணையவில்லை, ஆகவே அம்மனுக்கும் சம்மதம்தான்.

எனவே மேலே கேட்ட விலாசம் வேண்டாம். மறுப்பும் வேண்டாம். போட்டே தீர வேண்டுமானால் உங்கள் சேதியை மட்டும் மறுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதை மறுக்க வேண்டாம்.