ஒற்றைத் தோடும் பத்தொன்பது வருஷக் காபியும்

மலையைக் குடையாத, ஆற்றைக் கெடுக்காத, எந்தக் குழந்தையின் விரலும் நோகாத ஒரு ஜோடித் தோடு வாங்கி என் மனைவிக்குக் கொடுப்பது என்று சபதம் செய்தேன். கேட்பவர்களுக்கு நான் பெரிய மனிதன் என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவளுடைய தோடுகளில் ஒன்றைத் திருகு மாற்ற எடுத்துப் போய் வழியிலேயே தொலைத்தேன். "பட்டறைக்காரர் தொலைச்சுட்டார்" என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். மறுநாள் காலை மனசு தாங்காமல் நானே எழுந்து காபி போட்டுக் கொடுத்தேன். இன்றுவரை நான்தான் போடுகிறேன்.

இத்தனைக்கும் என் உத்தியோகம், கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது. ஊரார் தராசையெல்லாம் நிமிர்த்துகிறவன் சொந்த வீட்டில் ஒரு பொய்யை இப்படி வளர்க்கலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். யோசித்ததோடு சரி.

புதுத் தோடு வாங்கித் தருகிறேன் என்றால், "வேண்டாங்க. தங்கம் எடுக்கிறேன்னு மலையை உடைச்சு ஆத்துல விஷத்தைக் கலக்கறாங்க. அந்தப் பாவம் என் காதுல தொங்கணுமா?" என்பாள்.

அதனால்தான் பாவம் இல்லாத தோட்டைத் தேடிப் புறப்பட்டேன். முதல் கடை.

"இந்தத் தங்கத்தால ஆத்துக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?"

"நம்ம கடைக்குள்ள இதுவரைக்கும் தண்ணியே வந்ததில்ல சார்."

"இதைத் தோண்டினது யாரு?"

"சார், தராசை போன மாசம்தானே பார்த்தீங்க! முதல்ல உட்காருங்க சார்."

இரண்டாவது கடையில் 'இயற்கைத் தோடு' என்று தனி அலமாரியே வைத்திருந்தார்கள்.

"இதுல என்ன விசேஷம்?"

"பெட்டி மண்ணுல மக்கிடும் சார்."

"தோடு?"

"தோடு எப்பவும் போலத்தான்."

கடைசியாக, ஒரு மாடி அறையில் தனியாகப் பட்டறை நடத்தும் பெண்மணியிடம் போனேன். என் கேள்விகளை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"புதுசா எதுக்குத் தோண்டணும்? வீட்டுல பழசு இருந்தா கொண்டாங்க, உருக்கித் தரேன். அதைவிடச் சுத்தமான தங்கம் கிடையாது."

வீட்டில் பழசு இருந்தது. ஜோடியை இழந்த அந்த ஒற்றைத் தோடு. நகைப்பெட்டியிலிருந்து திருடிக்கொண்டு ஓடினேன். பெரிய தோடு. ஒன்றை உருக்கியதில் இரண்டு சின்னத் தோடு வந்தது. தொலைந்த ஜோடியே திரும்பி வந்தாற்போல் இருந்தது எனக்கு.

"கண்ணை மூடு."

"மூடினா தூங்கிடுவேன். எதுவா இருந்தாலும் காட்டுங்க."

காட்டினேன். முகம் மலர்ந்தது. "அழகா இருக்குங்க. ஏது?"

"உன் ஒத்தைத் தோடுதான். உருக்கி ரெண்டாக்கிட்டேன். அப்புறம்... அந்த இன்னொண்ணைப் பட்டறைக்காரர் தொலைக்கல. நான்தான்."

சொல்லிவிட்டேன்.

அவள் போய்த் தையல் டப்பாவை எடுத்து வந்தாள். பொத்தான்களுக்கு அடியில் துழாவினாள். உள்ளங்கையில் ஒரு தோடு. அதே பழைய திருகோடு.

"இது எங்க கிடைச்சுது?"

"உங்க பேன்ட் மடிப்புல. அன்னிக்கே, துணி ஊற வைக்கும்போது."

"அன்னிக்கேவா! ஏன் சொல்லல?"

"முதல்ல நீங்க நிஜத்தைச் சொல்லுங்க, அப்புறம் காட்டலாம்னு இருந்தேன். காலையில காபியோட வந்து நின்னீங்க. சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். டம்ளரை வச்சுட்டுப் போயிட்டீங்க. மறுநாளும் வந்தீங்க..."

"அதுக்காகப் பத்தொன்பது வருஷமா?"

"காபி நல்லா இருந்துச்சுங்க."

"அப்போ மலை, ஆறு, விஷம்?"

"அதுவும் நிஜந்தான். ஜோடி வீட்டுலயே இருக்கும்போது எதுக்கு மலையை உடைக்கணும்?" என்றவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். "மலைய விட்டுட்டு ஜோடிய உடைச்சுட்டீங்க."

நான் தலை குனிந்தேன். அவள் புதுத் தோட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கண் ஓரம் பளபளத்தது.

"ரெண்டும் சமமா இருக்கா?"

"தராசுல போட்டுப் பார்த்துட்டேன்."

"அதானே!" சிரித்தாள். பிறகு மெதுவாக, "ஒளிச்சு வச்சது எனக்கும் உறுத்தலாத்தான் இருக்குங்க" என்றாள்.

விட்டேனா! "அப்போ நாளையிலிருந்து காபி நீ போடு."

"கண்டிப்பா. ஆனா பத்தொன்பது வருஷத்துல கை மறந்துபோச்சே. ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போட்டுக் காட்டினேன். இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.