ரோஸி துள்ளக் கூடாது

நாட்டில் எமர்ஜென்சியை எடுத்த வாரம்தான் ஆம்பூர் பக்தவச்சலம் வீட்டில் அதைப் போட்டார்கள். அவருடைய செல்லப் பொமரேனியன் ரோஸி ஓயாமல் இருமுகிறதே என்று மனைவி கமலவேணி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், தீர்ப்போடு திரும்பினாள்.

"இருதயத்துல வால்வு ஒழுகுதாம். இந்தக் குட்டை ஜாதி நாய்ங்களுக்கு வயசானா வர்றதுதானாம். மாத்திரை குடுத்துருக்காரு. ஆனா எஜமானரைப் பாத்து அது துள்ளவே கூடாதாம்."

பக்தவச்சலம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தோல் பதனிடும் ஷாப்பில், அன்றன்று உரித்த ஆட்டுத்தோல் வந்து குவியும் பச்சைத்தோல் கொட்டகைக்கு மேஸ்திரி அவர். வேலை முடிந்து தெருமுனை திரும்பினால் போதும், ரோஸி ஓடிவந்து நக்கும், குதிக்கும், கூத்தாடும். பெற்ற பிள்ளைகூட இப்படி வரவேற்றதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் ஆயிற்றே! அந்தப் பாசமே அதன் உயிருக்கு எமனாக வேண்டுமா?

மறுநாள் சத்தமில்லாமல் கொல்லைப்புறமாக நுழைந்தார். ரோஸி மோப்பம் பிடித்து வந்து இரண்டு மடங்கு துள்ளியது, இருமலும் ஜாஸ்தியானது. அடுத்த நாள் ஷாப்பிலேயே சந்தன சோப்புப் போட்டுக் குளித்து, சலவை வேட்டி கட்டி, பவுடரும் பூசி வந்தார். ரோஸி யாரோ திருடன் என்று குரைத்துத் தீர்த்து, மூச்சு வாங்கிச் சுருண்டது. வேறு வழியில்லாமல், கூட வேலை செய்யும் முனிரத்தினத்தின் வீட்டில் போய்ப் படுத்தார்.

"ஒரு நாய்க்கோசரம் வூட்ட வுட்டுட்டு வந்துட்டியேப்பா" என்றார் முனிரத்தினம்.

"உனுக்குத் தெரியாது. என்னப் பாத்தா அதுக்கு மனசு தாங்காது."

ஒரு வாரத்தில் இருமல் கம்மியானது. கமலவேணி மறுபடி காட்டப் போனபோது, மனசு கேட்காமல் அவரும் குளித்து முழுகி ஆஸ்பத்திரிக்கு வந்து ஓரமாக நின்றார். மேஜைமேல் இருந்த ரோஸி அவரைப் பார்த்தது, கொட்டாவி விட்டது. பாவம், எனக்காக அடக்கிக்கொள்கிறது என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகைச் சாவி கேட்டு வந்து சேர்ந்தார் முனிரத்தினம். பச்சைத்தோல் புரட்டிய கையைக்கூடக் கழுவவில்லை. அதுவரை அவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத ரோஸி மேஜையிலிருந்து ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது. அவர் காலைச் சுற்றியது, கையை நக்கியது, குதித்தது, கூத்தாடியது.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. முனிரத்தினத்தைப் பார்த்துச் சொன்னார்:

"உங்களத்தானே சார் கிட்டயே வரக்கூடாதுன்னு வீட்டம்மாகிட்ட சொல்லியனுப்பினேன்?"